குழாய் இல்லாத மைக்கு

பிரேமினி பிறந்தபோது போட்ட அழுகை கொழுந்து மடுவம் வரைக்கும் கேட்டது என்று நாகமலைத் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்கள், "மீனம்மாவுக்குப் பெறந்தது பொம்பளப் புள்ளயா, பெரட்டுச் சங்கா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதுதான் பெரட்டு. அதற்குச் சங்கு ஊதுவார்கள். அந்தச் சங்குக்கு ஓர் எதிர்ச்சங்கு பிறந்துவிட்டது என்று கேலி. கேலிக்குச் சொன்ன சொல் பலித்துப்போகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

தலவாக்கலையிலிருந்து ஏறிப் போகிற பாதையில், கோயிலுக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில்தான் அவர்கள் வீடு. அம்மா மீனம்மா கொழுந்தெடுப்பவள். அப்பா கணேசமூர்த்தி கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவார். மற்ற நாளெல்லாம் தாயும் மகளும்தான். தாய் பேசவே மாட்டாள், மகள் பேச்சை நிறுத்தவே மாட்டாள். ஒரு வீட்டுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

அவள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறம்பொடைக்கு அருவியும் அனுமார் கோயிலும் பார்க்கக் கூட்டிப்போனார்கள். வழியில் ஒரு தேயிலைக் கடையில் வான் வண்டி நின்றது. உள்ளே போனால் சுவர் முழுக்க ஒரு படம். கூடையும் முக்காடுமாக ஒரு பெண், பல்லெல்லாம் தெரிய, கண்ணைச் சுருக்கி நிற்கிறாள். பிரேமினி போட்ட சத்தத்தில் கடைக்காரர் ஓடிவந்தார். "எங்கம்மா! அது எங்கம்மா!"

"எவ்வளவு அழகாச் சிரிக்கிறாங்க உங்கம்மா," என்றார் டீச்சர். கடைக்காரர் அவள் கையில் ஒரு டொபி கொடுத்தார். பிள்ளைக்கு அன்றைக்கு அருவியும் தெரியவில்லை, அனுமார் கோயிலும் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள்.

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மீனம்மா நிமிர்ந்து பார்த்தாள். "சிரிச்சேனா? நானா? அடிப்போடி. ஒருத்தன் செடியெல்லாம் மிதிச்சுக்கிட்டு வந்து மூஞ்சிக்கு நேரா பெட்டியப் புடிச்சான். 'கால எடுடா, கட்டையில போறவனே'ன்னு வஞ்சேன். வாயத் தொறந்தேன், பல்லு தெரிஞ்சுச்சு. அதுக்குப் பேரு சிரிப்பா?"

அவ்வளவுதான். ஊதுகுழலை எடுத்து மறுபடி ஊதத் தொடங்கிவிட்டாள். ஆனால் மகளின் நெஞ்சில் அன்றைக்கு ஒரு முள் ஏறியது, அது இறங்கவேயில்லை. அம்மாவின் வாயை எடுத்துக்கொண்டு வார்த்தையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் ஒருவன். அந்த வாய் இன்னும் அந்தச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்ததும் அவளுக்கு ஆளாளுக்கு ஒரு வழி காட்டினார்கள். தையல் பழகு என்றார்கள், கொழும்புக்குப் போ என்றார்கள், கல்யாணம் என்றும் ஒருத்தி வாயெடுத்தாள். எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு, ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்கு மேலே மாடியில் நடக்கிற ஊடக வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். படிப்பு முடிகிற காலத்தில் இரண்டிரண்டு பேராக ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். அவளோடு சேர்ந்தவன் திலக்ஷன். ஹட்டன் டவுன் பிள்ளை, மாமா கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நடக்கப் பழகுமுன்னே கேமரா பிடிக்கப் பழகியவன். நல்லவன்தான். ஆனால் வாயைத் திறந்தால் ட்ரோன்.

படிப்பிக்கிற ஜூட்சன் சேர் ஒருநாள் சாமான் அறையைத் திறந்துவிட்டார். "நல்லாக் கேட்டுக்கங்க. ஒரு குழுவுக்கு ஒரு பெட்டிதான், ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு. இந்தப் பெட்டியில ட்ரோனும் பெரிய கேமராவும். அந்தப் பெட்டியில சத்தம் புடிக்கிற சாமான். ரெண்டும் வேணும்னு யாரும் எங்கிட்ட வரப்படாது."

ட்ரோன் பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். சத்தப் பெட்டியின் மேல் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி.

"மேலேருந்து ஒரு ஷொட், பிரேமினி," என்றான் திலக்ஷன், கண் சொக்க. "மலை, பனிமூட்டம், பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி. சும்மா அள்ளும்!"

"மேலேருந்து பாத்தா எங்கம்மா எப்பிடித் தெரிவாங்க?"

"சின்னதா, கலர்ப் புள்ளி மாதிரி. அழகா இருக்கும்."

"எங்கம்மா புள்ளியா? என்னா, கோலமா போடப்போற?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. போய்ச் சத்தப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒலிப்பதிவுக் கருவி, நீளக் கம்பு, கம்பின் நுனியில் மாட்டுகிற ஒரு நீள மைக், காற்றுச் சத்தம் விழாமல் அதற்குப் போடுகிற மயிர் உறை, சட்டையில் குத்துகிற கடுகளவு மைக் இரண்டு, ஹெட்போன். நீள மைக்கைக் கம்பில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காதில் ஹெட்போனைப் போட்டாள்.

கீழே பஸ் தரிப்பிடம் ஒரே இரைச்சல். மைக்கை மெல்லத் திருப்பினாள். சிக்கெடுத்த கூந்தல்போல இரைச்சல் பிரிந்துகொண்டு வந்தது. "மஸ்கெலியா, நல்லதண்ணி, ஏறு ஏறு" என்று ஓர் இழை. கடலை வறுக்கிற கரண்டி ஓர் இழை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். எங்கேயோ ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள்: "அவரு கெடக்காரு. நீ வா, நாம போவோம்." சொன்னவள் யாரென்று எட்டிப் பார்த்தாலும் தெரியவில்லை. குரல் மட்டும் காதுக்குள் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

ஹெட்போனைக் கழற்றினாள். "எங்களுக்கு இந்தப் பெட்டி, சேர்."

திலக்ஷன் தலையில் கையை வைத்தான். ஜூட்சன் சேர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "படங்கிறது பாக்கிறதும்மா. கேக்கிறதுக்கு ரேடியோ இருக்கு."

"எங்கள வச்சு ஊமைப்படம் நெறைய எடுத்துட்டாங்க சேர். போதும்."

"அப்ப கேமரா?"

"இவன் மாமா கேமரா இருக்கு."

அந்தக் கல்யாணக் கேமராவுக்கு இரண்டு லென்ஸ். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தே மணப்பெண்ணின் மூக்குத்தியை இழுத்துப் பிடிக்கிற நீள லென்ஸ் ஒன்று, கிட்டே போனால் மட்டும் படம் விழுகிற குட்டை ஒன்று. நீளத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்றாள் அவள். திலக்ஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ட்ரோனும் வேணாம், நீட்டும் வேணாம். நான் என்னத்துக்கு வாறேன்? கம்பு தூக்கவா?"

"தூரத்துல நின்னு எடுக்கிறவன் யாரையும் கேக்க மாட்டான். கிட்டப் போறவன் கேட்டுட்டுத்தான் எடுக்கணும். நீ கேட்டுட்டு எடு."

"நீ டைரக்டரா, தோட்டத் தலைவரா?"

"ரெண்டும்னு வச்சுக்க."

ஜூட்சன் சேர் ஒரு நிபந்தனை வைத்தார். கிழமை நடுவில் எடுத்தவரைக்கும் கொண்டுவந்து காட்ட வேண்டும். சரியில்லை என்றால் சத்தப் பெட்டி திரும்பி வர வேண்டும், ட்ரோனை வைத்துத் திலக்ஷன் படத்தை எடுப்பான், பிரேமினி உதவிக்கு நிற்பாள். "சரியா?" என்றார். சரி என்று வாய் சொன்னது. தலை ஆடவில்லை.

தோட்டத்தில் மலைவேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தரைக் கண்டாக்கு என்பார்கள். அவரிடம் உத்தரவு கேட்கப் போனார்கள். நாகமலைக் கண்டாக்கு கெட்டவர் என்று சொல்ல முடியாது, துரை இருக்கிற பங்களாப் பக்கம் முகத்தை வைத்தே நடந்து பழகியவர். "படம் எடுத்துக்க. தோட்டத்துக்கும் நல்லதுதான். ஆனா பேட்டி கீட்டி எடுக்கப்படாது, சொல்லிட்டேன்," என்றார்.

அன்று பின்னேரம் மடுவத்தில் பெண்கள் கூடையை இறக்கும்போது பிரேமினி சந்தோஷமாகக் கூவினாள்: "நாளைக்கு நான் மலைக்கு வாறேன்! உங்களுக்கெல்லாம் மைக் போடப் போறேன்!"

அங்கேதான் தப்பு விழுந்தது.

ஹட்டன் மாடியில் மைக் என்றால் கடுகளவு சாமான். தோட்டத்தில் மைக் போடுவது என்றால் என்ன? மாரியம்மன் திருவிழாவுக்கு மைக் போடுவார்கள். பிள்ளை பெரியவளானால் மைக் போடுவார்கள். தொழிற்சங்கக் கூட்டத்துக்கு மைக் போடுவார்கள். மரத்து உச்சியில் தாமரைப்பூ மாதிரிக் குழாயைக் கட்டிவிட்டால் பாட்டும் பேச்சும் மூன்று மலை தாண்டிப் போகும். மைக் போடுவது ஊருக்கெல்லாம் கேட்பதற்கு. அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஹட்டன் படி ஏறி இறங்கியதில் நாக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் மலைக்குப் போனால் பேச்சியம்மா திருவிழாச் சேலையில் நிற்கிறாள். மேலே ஸ்வெட்டர், இடுப்பில் பனி நனைக்காமல் சுற்றிய படங்கு, உள்ளே பட்டுக்கரை மின்னுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவள், சங்கக் கூட்டம் ஒன்றுவிடாமல் போகிறவள், மலையில் அவள் வாய்க்குக் கண்டாக்கே ஒதுங்கிப் போவார்.

"என்னடி இது, நாய்வாலக் கம்புல கட்டிக்கிட்டு வாற?" என்றாள், மயிர் உறையைப் பார்த்து.

"இதுதான் மைக்கு பெரியம்மா."

நெஞ்சில் சட்டை மைக்கைக் குத்தவிட்டதும் பேச்சியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே! தாய்மார்களே! இந்தக் கூட்டத்துக்குத் தலைம தாங்குகிற..."

"பெரியம்மா, கூட்டம் இல்ல! சும்மா எப்பவும் பேசுற மாதிரிப் பேசுங்க."

"மைக்குல எவடி சும்மா பேசுவா?"

மற்றவர்கள் அதைவிட மோசம். வேலை செய்யும்போது ஓயாமல் பேசுகிற பெண்கள் அன்றைக்கு ஊமையானார்கள். மாமியார் கதை இல்லை, மாட்டுக் கதை இல்லை. அடிக்கடி அண்ணாந்து வாகை மரங்களைப் பார்த்தார்கள். மீனம்மாவோ கிட்டேயே விடவில்லை. "எனக்கு வேணாம். நீ மத்தவங்களப் போய் எடு," என்று செடி நிரை மாறிப் போய்விட்டாள். அம்மா பயப்படுகிறாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.  யாருக்காக இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாளோ அவளே வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில் திலக்ஷன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். "நான் சொன்னேன்ல," என்று ஒரு தரம்தான் சொன்னான். அதுவே போதுமாக இருந்தது. பிரேமினி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டாள். சட்டை மைக்கில் கூடைக்கயிறும் படங்கும் உரசுகிற கரகரப்பு, பேச்சியம்மாவின் பெருமக்களே, பிறகு வெறும் கொழுந்து ஒடிகிற சத்தம். நிறுத்தப் போனாள். அப்போதுதான் தூரத்திலிருந்து குசுகுசுவென்று ஒரு பேச்சு வந்தது. நீள மைக் தானாகப் பிடித்து வைத்திருந்தது.

"கொழாய எந்த மரத்துலடி கட்டிருக்கா?"

"மேல வாகையில பாரு."

"காணமே."

பிறகு அம்மாவின் குரல், மெல்ல, தெளிவாக: "பங்களாப் பக்கம் திருப்பிக் கட்டிருப்பாங்க. கண்டாக்கு சும்மாவா விட்டாரு? அதான் நான் வாயத் தொறக்கல. நான் பேசுறது எங்க போய் விழும்னு தெரியாம நான் ஏன் பேசணும்?"

பிரேமினி பஸ்ஸுக்குள் வாய்விட்டுச் சிரித்தாள். முன் ஆசனத்து ஆச்சி திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஹெட்போனைத் திலக்ஷன் காதில் மாட்டினாள். கேட்டுவிட்டு அவனும் முதலில் சிரித்தான். பிறகு இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டான். "உங்கம்மா பயந்தவங்க இல்ல போல," என்றான்.

"நானும் இப்பத்தான் கேக்கிறேன்."

ஜூட்சன் சேர் அந்தக் கரகரப்பைக் கொஞ்ச நேரம் கேட்டார். கையை நீட்டினார். "பெட்டியக் குடுத்துரும்மா. பேசுனபடி."

"தரமாட்டேன் சேர்."

 "என்ன சொன்ன?"

"ஒரு கிழமைன்னீங்க. கிழம முடியல. தப்பு பெட்டியில இல்ல, என் வாயில. மைக்குன்னு சொல்லிட்டேன், கொழாய் இல்லன்னு சொல்லல. போய்ச் சொல்லிட்டு மறுபடி எடுக்கிறேன்."

"எங்கிட்ட உத்தரவு கேக்கிறியா, இல்ல சொல்றியா?"

"சொல்றேன் சேர்."

அவருக்கு முகம் சிவந்தது. திலக்ஷன் பெட்டியைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அதுவரைக்கும் அந்தப் பெட்டியைத் தொட மாட்டேன் என்று இருந்தவன். "கிழம முடிஞ்சதும் நானே கொண்டாந்து வைக்கிறேன் சேர்," என்றான். சேர் இரண்டு பேரையும் பார்த்தார், கதவைக் காட்டினார். போகச் சொன்னாரா, எடுத்துப் போகச் சொன்னாரா என்று அவர்கள் நின்று கேட்கவில்லை.

அன்று பின்னேரமே மடுவத்தில் பிரேமினி எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாள். "நான் சொன்னது தப்பு. இது கொழாய் இல்லாத மைக்கு. எந்த மரத்துலயும் ஒண்ணும் கட்டல. நீங்க பேசுறது பங்களாவுக்குக் கேக்காது. இந்தப் பெட்டிக்குள்ள போய் உக்காந்துக்கும்."

பெண்களுக்குப் போன உயிர் வந்தது. பேச்சியம்மா முகம்தான் தொங்கிவிட்டது. "கொழாய் இல்லாத மைக்குக்கு என்னத்தடி பேசுறது? சோத்துப் பானைக்குள்ள பேசுற மாதிரியா? யாருக்குக் கேக்கும்?"

"பின்னாடி ஹட்டன்ல படம் போடுவாங்க பெரியம்மா. அங்க எல்லாருக்கும் கேக்கும்."

"அப்ப கொழாய் இருக்கு. ஹட்டன்ல கட்டிருக்குன்னு சொல்லு."

பிரேமினி யோசித்தாள். இல்லை என்று சொன்னால் நாளைக்கு எல்லோரும் சுலபமாகப் பேசுவார்கள். ஆனால் கேட்காமல் எடுத்த அந்தச் சுவர்ப்படத்துக்கும் இதற்கும் பிறகு என்ன வித்தியாசம்? "ஆமா," என்றாள். "ஹட்டன்ல கட்டிருக்கு. கண்டாக்கய்யாவுக்கும் ஒரு நாள் கேக்கும். அதத் தெரிஞ்சுக்கிட்டு இஷ்டம் உள்ளவுங்க பேசுங்க. இஷ்டம் இல்லாதவுங்களுக்குப் போட மாட்டேன்."

 கூடைகளை எடுத்துக்கொண்டு கலைந்துபோனார்கள். வீட்டில் மீனம்மா ரொட்டி தட்டினாள், தேங்காய்ச் சம்பல் இடித்தாள், ஒரு சொல் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. பேச்சை நிறுத்தத் தெரியாத பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

காலையில் மலைக்குப் போகுமுன் மீனம்மா ஸ்வெட்டரின் கழுத்தை இழுத்துக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். "எங்க குத்தணுமோ குத்து. அன்னைக்குப் பேச்சியம்மாவுக்குக் குத்துன மாதிரி நெஞ்சுல குத்தாத. கயிறு உரசும்."

பழைய ஸ்வெட்டரிலிருந்து ஒரு துண்டு கம்பளியைப் பிரித்து, மைக்கைச் சுற்றி, கழுத்துக்கு உள்பக்கமாகப் பிரேமினி குத்திவிட்டாள். இன்னொன்று பேச்சியம்மாவுக்கு. அவள் அன்றைக்குச் சாதாரணச் சேலையில்தான் வந்திருந்தாள்.

என்ன பேச்சு, என்ன சிரிப்பு! மீனம்மாவா இது என்று மகளுக்கு ஹெட்போனுக்குள் திகைப்பாக இருந்தது. லயத்தில் ஊமைபோல் இருப்பவள் மலையில் ஏச்சும் பாட்டுமாக இருந்தாள். காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டையைப் பேர் சொல்லி ஏசினாள். மேட்டைப் பார்த்து "ஒன்ன எவன்டா இங்க நட்டான்?" என்று செடியோடு வழக்குப் பேசினாள். திலக்ஷன் ஒவ்வொரு தரமும் "எடுக்கட்டுமாங்க?" என்று கேட்டுக்கேட்டு, கைநீளத் தூரத்தில் நின்று எடுத்தான். அவனுக்கும் அட்டை ஏறியது. "டவுன் ரத்தம், இனிப்பா இருக்கும்," என்றாள் பேச்சியம்மா.

வெயில் ஏறுகிற நேரம் கண்டாக்கு வந்தார். தனியாக வரவில்லை. பங்களாவில் வந்து தங்கியிருந்த விருந்தாளிகள் நாலைந்து பேர், வெளிநாட்டுக்காரர்கள், தொப்பியும் கேமராவுமாகப் பின்னால் வந்தார்கள். அவர்கள் கேமராவில் எல்லாம் முழநீள லென்ஸ். பாதையில் நின்றபடியே தூக்கிப் பிடித்தார்கள்.

கண்டாக்கு கையைத் தட்டினார். "ஆ, எல்லாரும் இங்க பாருங்க. விருந்தாளிங்க வந்திருக்காங்க. கொஞ்சம் சிரிங்க பாப்போம். மீனம்மா, கூடயோட முன்னுக்கு வா. நீ நல்லாச் சிரிப்ப. சிரி!"

 ஹெட்போனுக்குள் அம்மாவின் மூச்சு கேட்டது. ஒரு மூச்சு இழுத்தாள். விட்டாள். பிறகு பேசினாள். கத்தவில்லை. கடுகளவு மைக்குக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு.

"சிரிப்பு வேணும்னா கீழ எறங்கி வந்து இந்தக் கூடயத் தூக்கச் சொல்லுங்கய்யா. அவங்க மேட்டுல ஏறட்டும். நான் பாதையில நின்னு பாத்துச் சிரிக்கிறேன்."

 பிறகு பேச்சியம்மா களுக்கென்றாள். அது அடுத்த நிரைக்குப் பற்றிக்கொண்டது. கூடை குலுங்க, முக்காடு நழுவ, கண்ணில் தண்ணீர் வர அத்தனை பெண்களும் சிரித்தார்கள். மீனம்மாவும் சிரித்தாள். விருந்தாளிகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாதையில் நின்று படபடவென்று எடுத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா தன் கேமராவை நீட்டிக் காட்டி, "பியூட்டிபுல், பியூட்டிபுல்" என்றார். பார்த்தால் படம் அழகாகத்தான் இருந்தது. பச்சை மலையில் பெண்கள் சிரிக்கிறார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அந்தக் கேமராவுக்குத் தெரியாது. பிரேமினியின் பெட்டிக்குத் தெரியும்.

கண்டாக்குக்கும் தெரியும். விருந்தாளிகளை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "மீனம்மா, வாய் நீண்டுருச்சு. நாளைலேருந்து பாறக்காட்டு மலைக்குப் போ. ஏறி எறங்கினா வாய் கொறையும்." பிரேமினியின் பக்கம் திரும்பினார். "ஒன்னையப் பேட்டி எடுக்கப்படாதுன்னு சொன்னேன்ல? அழி அத!"

"நான் ஒரு கேள்வியும் கேக்கலங்கய்யா. சிரின்னு கேட்டது நீங்க. எங்கம்மா பதில் சொன்னாங்க."

"அழிக்கிறியா இல்லயா?"

"இல்லங்க."

அவர் கம்பைப் பார்த்தார், மயிர் உறையைப் பார்த்தார், அதுவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தான் பேசுவதும் அந்தப் பெட்டிக்குள் போகிறது என்று சட்டென்று அவருக்கு விளங்கியது. அதற்குமேல் ஒரு சொல் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்.

படத்தைக் கோத்து முடித்ததும் ஜூட்சன் சேர் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். இந்த முறை கையை நீட்டவில்லை. "நல்லாருக்கு," என்றார். சொல்லிவிட்டு மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஓர் எடம் மட்டும். சிரி சிரின்னு ஒருத்தர் சொல்றதும், உங்கம்மா சொல்றதும், பிறகு வேற மலைக்குப் போன்னு அவர் சொல்றதும். சத்தத்த எடுத்துட்டுப் புல்லாங்குழல் போட்டுரு. பொம்பளைங்க சிரிக்கிறது மட்டும் இருக்கட்டும். ஒனக்காகச் சொல்லல, உங்கம்மாவுக்காகச் சொல்றேன். அவங்க அங்க நாளைக்கும் வேலைக்குப் போகணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். பிரேமினி வீடு வந்தாள். பாறைக்காட்டு மலையில் ஏறி இறங்கி மீனம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டுக்கொண்டே மகள் கேட்டாள்.

"அந்த எடத்த எடுத்துரவாம்மா? பாட்டுப் போட்டுரலாமாம்."

மீனம்மா காலை இழுத்துக்கொண்டாள். "எடுத்துட்டா என்னா மிஞ்சும்?"

"நீங்கள்லாம் சிரிக்கிறது."

"அப்ப நான் மறுபடியும் அந்தச் சொவத்துப் பொம்பளதானே?" காலை மறுபடி நீட்டினாள். "மலைய மாத்தி ஏறிக்கிடுவேன். வாய மாத்த முடியாது. வை. ரெண்டு பேரு சத்தத்தையும் வை. அவரு சொன்னதும் இருக்கட்டும், நான் சொன்னதும் இருக்கட்டும். நல்லாத் தேய்டி, இங்க."

ஹட்டனில் படம் போட்ட அன்றைக்கு நாகமலையிலிருந்து ஒரு வான் நிறையப் பெண்கள் வந்திறங்கினார்கள். பேச்சியம்மா மறுபடியும் திருவிழாச் சேலை. மண்டபத்துக்குள் வந்ததும் அண்ணாந்து பார்த்தாள், நாலு மூலையும் பார்த்தாள். திரைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்ற கறுப்புப் பெட்டிகளைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தாருக்குடி கொழாய்!" என்று மண்டபம் திரும்பிப் பார்க்கக் கூவினாள்.

முதலில் மற்றக் குழுக்களின் படங்கள் ஓடின. மலைக்கு மேலே பறந்தன, அருவிக்கு மேலே பறந்தன, பச்சைக் கம்பளம் விரிந்துகொண்டே போனது. பிறகு விளக்கு மறுபடி அணைந்தது. படம் வருமுன்னே சத்தம் வந்தது: கொழுந்து ஒடிகிற சத்தம், கிட்டே, தோளுக்குப் பக்கத்தில் நின்று ஒடிப்பதுபோல. பிறகு திரை நிறைய மீனம்மாவின் முகம், அட்டையை ஏசிக்கொண்டு.

கண்டாக்கு சிரி என்றார். மீனம்மா பதில் சொன்னாள். மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன், பாறைக்காட்டு மலைக்குப் போ என்ற குரல் வந்தது. சிரித்த வாய்கள் அப்படியே நின்றன. பின்வரிசையில் யாரோ "ச்சை" என்றார்கள். 

விளக்கு வந்ததும் ஜூட்சன் சேர் மேடைக்கு ஏறினார்.  "இந்தப் படத்துல பேசின அம்மா வந்திருக்காங்க. அவங்க ரெண்டு வார்த்த பேசணும்னு கேட்டுக்கிறேன்," என்று மைக்கை நீட்டினார். பளபளப்பான பெரிய மைக். பேச்சியம்மா விலாவில் இடித்தாள். "போடி, போ. மொதல்ல அன்பார்ந்தன்னு ஆரம்பி."

மீனம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை, இருந்த இடத்திலேயே நின்றாள். சேர் இறங்கிவந்து மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார். அவள் அதைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தாள்.

"பேச வேண்டியதப் பேசிட்டேனே," என்றாள். "கேக்கலயா? கேக்காதவுங்க இருந்தா இன்னொருக்காப் போடச் சொல்லுங்க."

உட்கார்ந்துவிட்டாள்.

திலக்ஷன் ஓடிப்போய் விளக்கை அணைத்தான். மறுபடியும் கொழுந்து ஒடிகிற சத்தம் கேட்டது.